ஒரு பானைக் கிழங்கு வேகும் நேரம்

மெசாங்கோ தீவில் அன்லாவேயைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லாதவர்கள் இல்லை. முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். அவனும் மறுத்ததில்லை. நண்டு வளையில் கை விடப் பயம், பாய்மரப் படகில் ஓரமாக உட்காரப் பயம், கூட்டத்தில் குரல் உயர்த்தப் பயம். ஆனால் மெசாங்கோவிலிருந்து எதிரே இருக்கும் கிலேவா தீவுக்குக் கடலில் நடந்து போக வேண்டுமென்றால் அந்தப் பயந்தாங்கொள்ளி வீட்டு வாசலில்தான் எல்லோரும் வந்து நிற்பார்கள்.

கிரிம்பா தீவுக்கூட்டத்தில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. நீர் வற்றும்போது தீவுகள் ஒன்றையொன்று நோக்கி நீள்கின்றன. ஏறும்போது சுருங்கிக்கொள்கின்றன. மெசாங்கோவுக்கும் கிலேவாவுக்கும் நடுவே பிறையின் முதல் நான்கைந்து நாட்களும் பௌர்ணமியை ஒட்டிய நான்கைந்து நாட்களும் நடைபாதை உண்டு. மற்ற நாட்களில் நீர் அரைகுறையாகத்தான் வற்றும், யாரும் இறங்க மாட்டார்கள். முதலில் வெள்ளை மணல்வெளி. அப்புறம் அலையாத்திக் காடு. காட்டுக்கு நடுவில் ஒரு மேடு. வடக்கிலிருந்து வரும் தண்ணீரும் தெற்கிலிருந்து வரும் தண்ணீரும் முட்டிக்கொள்ளும் இடம் அது. காட்டைத் தாண்டியதும் சின்னக் கழி, கடல்நீர் ஓடும் வாய்க்கால், கணுக்கால் அளவு. பிறகு நிழலே இல்லாத நீண்ட சேற்றுவெளி. கடைசியில், கிலேவாவின் கரைக்குக் கீழே, பெரிய கழி. நன்றாக வற்றிய நேரத்தில் தொடையளவு. தவறிய நேரத்தில் ஆளை விழுங்கும் ஆழம். மெசாங்கோவின் கரையில் நின்று பார்த்தால் மணல்வெளிதான் தெரியும். பெரிய கழி காட்டுக்குப் பின்னால் மறைந்து கிடக்கும். அதனால் கண்ணை நம்பிக் கிளம்ப முடியாது. கணக்கை நம்பித்தான் கிளம்ப வேண்டும்.

கணக்கு பிறையில் இருந்தது. இரண்டாம் பிறையன்று பள்ளிவாசல் சுவரின் காலை நிழல் வாதுமை மரத்தடி வரைக்கும் சுருங்கியதும் கிளம்ப வேண்டும். மூன்றாம் பிறையன்று நிழல் இன்னும் சுருங்கிக் கிணற்று விளிம்புக்கு வந்ததும். ஒவ்வொரு பிறைக்கும் நீர் ஒரு பானை மரவள்ளிக் கிழங்கு வேகும் நேரம் தள்ளிப் போகும் என்பார்கள். அன்லாவே எந்த நாளானாலும் அரைப்பானை நேரம் முன்னதாகவே கிளம்பிவிடுவான். தோளில் தென்னை நார்க் கயிறு, கையில் நீண்ட ஊன்றுகோல், முகத்தில் சாவு வீட்டுக்குப் போகிறவனின் களை. வழியெல்லாம் "சீக்கிரம், சீக்கிரம்" என்று சொல்லிக்கொண்டே நடப்பான். பெண்கள் அவன் பின்னால் கேலி செய்துகொண்டே போவார்கள்.

"அன்லாவே, உன் கல்யாணத்துக்கும் இப்படித்தான் ஒரு நாள் முன்னாடியே போய் நின்னியாமே?"

"நின்னாரு, நின்னாரு. எங்கம்மா இன்னும் தலை கூட வாரல" என்று அவன் மனைவி ஸாக்கியாவே சொல்வாள்.

பதினொரு வருடத்தில் அவன் அழைத்துப் போனவர்களில் ஒருவர் கூட ஒரு செருப்பைக் கூடக் கடலில் விட்டதில்லை. பயம்தான் அவனுடைய தொழில் என்று சொல்லலாம். அதை அவன் ஒழுங்காகச் செய்தான், அந்த நோன்பு மாதத்தின் இருபத்தொன்பதாம் நாள் மாலை வரைக்கும்.

அன்று மேற்குக் கரையில் ஊரே நின்றது. வானத்தின் அடியில் மேகம் கனமாகப் படுத்திருந்தது. பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். தெரியாவிட்டால் இன்னொரு நோன்பு. கட்டிப்போட்டிருந்த ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன. பெண்கள் முசிரோக் கட்டையை உரைத்து முகத்தில் வெள்ளை பூசத் தயாராக இருந்தார்கள். அந்த வெயிலில் முப்பதாவது நோன்பு யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

"அதோ!" என்றார் புராமோ. இரண்டு படகுகளுக்குச் சொந்தக்காரர். குரலும் இரண்டு படகு நீளம். "அதோ, மேகத்துக்கு இடையில! பார்த்தேன். அல்லாஹ்மேல ஆணையா பார்த்தேன்."

பள்ளிவாசல் ஷேகு நசுரோ கண்களைச் சுருக்கிப் பார்த்தார். "ஒருத்தர் சொன்னா போதாது. இன்னொருத்தர் வேணும்."

எல்லோருடைய முகமும் அன்லாவேயின் பக்கம் திரும்பியது. ஊரிலேயே கூர்மையான கண் அவனுடையது. காட்டுக்குள் தான் நட்டுவைத்த அடையாளக் குச்சியை மணல்வெளியிலிருந்தே பார்த்துவிடுகிற கண்.

அவன் பார்த்தது மேகத்தின் ஓரத்தில் ஒரு வெளிச்சக் கோடு. மேகத்துக்கு எப்போதும் இருக்கும் ஓரம். பிறை இல்லை.

"என்ன மாப்ளே, தெரியுதா இல்லையா? வாயைத் திற" என்றார் புராமோ. ஊர் மூச்சை அடக்கி நின்றது. எல்லோருடைய பசியும் தன் கழுத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி அன்லாவேக்கு இருந்தது. இல்லை என்று சொன்னால் புராமோவைப் பொய்யன் என்று சொன்னதாகும். அத்தனை ஆடுகளுக்கும் அத்தனை பிள்ளைகளுக்கும் எதிராகத் தான் ஒருவன் நின்றதாகும்.

"பார்த்தேன்" என்றான்.

ஊர் கத்திய கத்தலில் ஆடுகள் பயந்து கயிற்றை இழுத்தன. அவனை இரண்டு பேர் தோளில் தூக்கினார்கள். வாழ்க்கையில் அவனை யாராவது தூக்கியது அதுதான் முதல் தடவை. மேலே இருந்தபடி அவன் இன்னொரு தடவை மேற்கைப் பார்த்தான். அப்போதும் பிறை இல்லை.

மறுநாள் மெசாங்கோவில் பெருநாள். அன்று மாலை மேகம் விலகி, வானத்தில் நகம் வெட்டிப் போட்ட அளவுக்கு ஒரு கீற்று தெரிந்தது. "இந்த வருஷம் ரெண்டாம் பிறை ரொம்ப மெலிஞ்சு போச்சே" என்றாள் ஒரு கிழவி. "நோன்பு அதுக்கும் இருந்திருக்கும்" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். அன்லாவே இரவுச் சோற்றைத் தொடாமல் தள்ளி வைத்தான். அதற்கடுத்த நாள் காற்று மேற்கிலிருந்து வீசியபோது கிலேவாவின் பெருநாள் முரசு கேட்டது. மெசாங்கோ சாப்பிட்டு முடித்த பெருநாளை கிலேவா ஒரு நாள் கழித்துத் தொடங்கியிருந்தது. அங்கே யாரும் பிறையைப் பார்க்கவில்லை, முப்பது நோன்பையும் நிறைவாக்கினார்கள் என்று மீன்காரர்கள் சொன்னார்கள்.

"அவங்க கண்ணு குருடு" என்று முடித்துவிட்டார் புராமோ.

மெசாங்கோவின் கணக்கில் மூன்றாம் பிறை என்று ஆன நாளில் ஸாக்கியா கிலேவாவுக்குக் கிளம்பினாள். மகள் ஸிஃபா பிறந்து நாற்பது நாள் கழிந்திருந்தது. கிலேவாவில் இருக்கும் ஸாக்கியாவின் அம்மா பேத்தியை இன்னும் பார்க்கவில்லை. முழங்கால் வீங்கிய அவளால் சேற்றில் நடக்க முடியாது. ஸாக்கியா விடியும்போதே முகத்தில் முசிரோ பூசி, பிள்ளையைப் புதுக் கப்புலானாத் துணியில் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு நின்றாள். புராமோவும் வருவதாகச் சொல்லியிருந்தார். கிலேவாவில் அவருடைய படகு ஒன்று பழுது பார்ப்பதற்காகக் கரையேறிக் கிடந்தது.

அன்லாவே வாதுமை மரத்தடியில் நின்று நிழலையே பார்த்துக்கொண்டிருந்தான். அது மரத்தடிக்கு வந்து, தாண்டி, கிணற்றை நோக்கிச் சுருங்கத் தொடங்கியது. இன்று உண்மையில் இரண்டாம் பிறை என்றால் இந்த நிமிடமே கிளம்பியிருக்க வேண்டும்.

"ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?" என்றாள் ஸாக்கியா.

"போயிடலாமா? இப்பவே?"

"புராமோ மாமா இன்னும் வரலையே. நிழலு கிணத்துக்கு வர நேரம் இருக்கு. நீங்க எப்பவும் அரைப்பானைதானே முன்னாடி போவீங்க? இன்னிக்கு முழுப்பானையா?"

சொல்வதற்கு வாய் வரை வந்தது. அப்போது புராமோ பல் குத்திக்கொண்டே வந்து சேர்ந்தார். நிழல் கிணற்று விளிம்பைத் தொட்டிருந்தது.

"பிறை மூணு, நிழலு கிணத்துல. சரியா வந்துட்டேன் பாரு" என்றார். பிறகு அன்லாவேயின் முகத்தைக் கூர்ந்து பார்த்து, "என்ன மாப்ளே, கணக்குல சந்தேகமா?" என்று கேட்டார். குரலில் சிரிப்பு இருந்தது. கண்ணில் இல்லை.

"இல்ல மாமா" என்றான் அன்லாவே.

மணல்வெளியில் இறங்கியதும் அவன் கண் கால்களுக்குக் கீழேயே கிடந்தது. ஈரமாகப் பளபளக்க வேண்டிய மணல் வெளுத்து, மேலே பொருக்குக் கட்டியிருந்தது. நீர் இங்கிருந்து போய் வெகு நேரம் ஆகியிருந்தது. அவன் நடையைக் கூட்டினான். புராமோவுக்கு மூச்சு வாங்கியது.

"டேய், ஓட்டப் பந்தயமா விட்டிருக்க? கடலு உன்னைக் கடிச்சா துப்பிடும், பயப்படாத. உடம்புல ஒண்ணும் இல்ல."

அலையாத்திக் காட்டுக்குள் சேற்று வாசனை முகத்தில் அடித்தது. தான் நட்டிருந்த குச்சிகளை ஒன்று ஒன்றாகத் தாண்டினான். நடுமேட்டுக்கு வந்தபோது ஸிஃபா வீரிட்டு அழத் தொடங்கினாள். ஸாக்கியா ஒரு வேரில் உட்கார்ந்து பால் கொடுத்தாள்.

"நடந்துகிட்டே குடுக்க முடியாதா?"

"நீங்க குடுத்துப் பாருங்க" என்றாள் அவள். புராமோ சத்தமாகச் சிரித்தார். அன்லாவேக்கு அது காதிலேயே விழவில்லை. மேட்டின் இரண்டு பக்கமும் ஓடுகிற சிறு நீர்க்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். நீர் வற்றும்போது அவை மேட்டிலிருந்து விலகி ஓடும். இப்போது ஓடவில்லை, கண்ணாடி போல் நின்றன. காய்ந்த இலை ஒன்று மிதந்தது. அவன் மூச்சு விடாமல் அதையே பார்த்தான். முதலில் அது அசையவில்லை. அப்புறம் அவன் காலை நோக்கி, மிக மெதுவாக, ஒரு விரல் அளவு நகர்ந்தது.

சொல்லியிருக்கலாம். காடு சுற்றிலும் இருந்தது, மரங்கள் இருந்தன, திரும்பிப் போக வழியும் இருந்தது. அவன் சொல்லவில்லை. காற்றாக இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். காட்டுக்குள் காற்று இல்லை.

பிள்ளை மெதுவாகத்தான் குடித்தது. அவர்கள் கிளம்பும்போது இலை மேட்டின் ஓரத்தில் ஒட்டியிருந்தது. சின்னக் கழியில் இறங்கினார்கள். கணுக்காலைத் தொட வேண்டிய தண்ணீர் முழங்காலைத் தொட்டது. புராமோ வேட்டியைத் தூக்கிக்கொண்டார்.

"இது இவ்வளவு இருக்குமா?" என்றாள் ஸாக்கியா.

"மழைக்கு அப்புறம் அடி மாறியிருக்கும்" என்றான் அன்லாவே. அது மூன்றாவது பொய். முதல் பொய்யை விட லேசாக வந்தது.

சேற்றுவெளியின் பாதியைத் தாண்டியபோதுதான் அவர்களைப் பார்த்தார்கள். கிலேவாவின் பேய்க்கணவாய் பிடிக்கும் பெண்கள் ஏழெட்டுப் பேர், தலையில் கூடையோடு, தூரத்தில் பெரிய கழியைக் கடந்துகொண்டிருந்தார்கள். எப்போதும் இந்தப் பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டு, பாவாடையைத் தொடை வரை சுருட்டிக்கொண்டு கடப்பார்கள். இன்று யாரும் சிரிக்கவில்லை. தண்ணீர் அவர்களின் மார்பில் இருந்தது. ஒருத்தியின் கையை ஒருத்தி பிடித்து, சாய்ந்து சாய்ந்து நகர்ந்தார்கள். கடைசியாகப் போனவளின் கால் நழுவியது. கூடை தண்ணீரில் விழுந்து சுழன்று, பாம்பு வேகத்தில் தெற்கே போயிற்று. அவளை இரண்டு பேர் மயிரைப் பிடித்துக் கரைக்கு இழுத்தார்கள்.

கரையேறிய ஒருத்தி திரும்பி, இவர்களைப் பார்த்துக் கைகளை ஆட்டினாள். தண்ணீருக்கு மேலாகக் குரல் தெளிவாக வந்தது.

"ஏய் மெசாங்கோ! எங்க வரீங்க? உங்க பிறை எங்க பிறையை விட ஒரு நாள் மூத்ததாமே, கடல்கிட்ட சொல்லிட்டு வந்தீங்களா? திரும்பிப் போங்க! பிள்ளை வேற வச்சிருக்கீங்களே, திரும்பிப் போங்கடி!"

ஸாக்கியா நின்றுவிட்டாள். புராமோ நிற்கவில்லை.

"வாங்க, வாங்க. அவளுங்க போன இடம் பள்ளம். நாம வடக்கால போவோம். மூணாம் பிறைக்கு இன்னும் நேரம் இருக்கு. பொம்பளைங்க போயிட்டாங்க, நாம போக முடியாதா?"

பெரிய கழிக்குப் போய்ச் சேரும்போது அது ஆள் மட்டத்துக்கு வந்திருக்கும் என்று அன்லாவேக்குத் தெரிந்தது. அவன் உடம்பில் இருந்த ஒவ்வொரு மயிருக்கும் தெரிந்தது. பின்னால் சின்னக் கழியும் நிரம்பிக்கொண்டிருக்கும். இடையில் இந்த வெளி. இன்னும் கொஞ்ச நேரத்தில் இதுவும் கடலாகிவிடும். நிற்க ஒரு கல் கூடக் கிடையாது.

"மாமா, போக வேண்டாம். திரும்பணும்."

"ஏன்? மூணாம் பிறை..."

"இன்னிக்கு மூணு இல்ல. ரெண்டு."

புராமோ திரும்பினார். வெயிலில் அவர் முகம் தடித்துச் சிவந்திருந்தது. "என்ன உளறுற? நான் என் ரெண்டு கண்ணால..."

"நான் பார்க்கல மாமா. நான் பார்க்கவே இல்ல. நீங்க கேட்டீங்க, எல்லாரும் என்னையே பார்த்தாங்க. பார்த்தேன்னு சொல்லிட்டேன்." அவன் குரல் அவனுடையதைப் போலவே இல்லை. கீச்சென்று உடைந்து வந்தது. "நாம ஒரு பானை நேரம் பிந்திட்டோம். அதுக்கு மேலயும் பிந்திட்டோம். தண்ணி ஏற ஆரம்பிச்சு ரொம்ப நேரமாச்சு."

ஸாக்கியா அவனையே பார்த்தாள். முசிரோவின் வெள்ளைக்கு நடுவே அவள் கண்கள் மட்டும் கறுப்பாக இருந்தன. திட்டுவாள் என்று நினைத்தான். அவள் துணியின் முடிச்சை அவிழ்த்து, பிள்ளையை முதுகின் மேல்புறத்துக்கு, கழுத்துக்குக் கீழே ஏற்றி இறுக்கிக் கட்டினாள்.

"எங்க போகணும்?" என்றாள். "அதை மட்டும் சொல்லுங்க."

"காட்டுக்கு. நடுமேட்டு மரத்துக்கு."

"நான் வரல" என்றார் புராமோ. அப்போது முதல் நீர் வந்தது. அலையாக வரவில்லை. கண்ணாடித் தகடு ஒன்றை யாரோ தரையில் தள்ளிவிட்ட மாதிரி, சத்தமே இல்லாமல், நுரைக் கோட்டோடு சேற்றின் மேல் பரவி, மூன்று பேரின் கணுக்காலையும் சுற்றிக்கொண்டு கடந்து போனது. புராமோ குனிந்து அதைப் பார்த்தார். பிறகு காட்டை நோக்கி ஓடத் தொடங்கினார். எல்லோருக்கும் முன்னால் அவர்தான் ஓடினார்.

சேற்றில் ஓடுவது கனவில் ஓடுவது போலத்தான். கால் உள்ளே போகும், வெளியே வர மறுக்கும். அன்லாவே ஸாக்கியாவின் கையைப் பிடித்து இழுத்தான். பிள்ளையின் தலை அவள் கழுத்துக்குப் பின்னால் ஆடியது. ஸிஃபா அழவில்லை. அதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது.

சின்னக் கழி சின்னதாக இல்லை. வடக்கிலிருந்து தண்ணீர் பழுப்பாக, குப்பையும் இலையும் சுமந்து, அவசரமாக வந்துகொண்டிருந்தது. புராமோ கரையில் நின்றுவிட்டார்.

"எனக்கு நீச்சல் தெரியாது மாப்ளே" என்றார். இரண்டு படகுக்குச் சொந்தக்காரர்.

அன்லாவே தோளிலிருந்து நார்க் கயிற்றை இறக்கினான். பதினொரு வருடமாகச் சுமந்த கயிறு. ஒரு தடவை கூட அவிழ்த்ததில்லை என்று ஊரே கேலி செய்த கயிறு. முடிச்சு இரண்டு முறை தவறியது. மூன்றாவது முறை தன் இடுப்பில் கட்டினான். நடுவில் ஸாக்கியாவுக்கு ஒரு சுற்று. கடைசியில் புராமோ.

"பிள்ளையைக் குடு."

அவள் கொடுத்தாள். அவன் ஸிஃபாவை ஒரு கையால் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, மறு கையில் கோலை ஊன்றி இறங்கினான். தண்ணீர் இடுப்புக்கு வந்தது, பிறகு நெஞ்சுக்கு. அடியில் மணல் காலுக்குக் கீழே இருந்து நழுவிக்கொண்டே இருந்தது. நின்றால் பள்ளம் விழும், நிற்கக் கூடாது என்று அவன் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறான். இப்போது அதைத் தன் கால்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. கைக்குள் பிள்ளையின் விலா எலும்புகள் கோழிக்குஞ்சின் எலும்புகள் போல் இருந்தன. அதன் இதயம் அவன் விரல்களில் அடித்தது. தன்னுடையதுதான் அடிக்கிறதோ என்று கூட அவனுக்குத் தெரியவில்லை.

பாதி கழியில் கயிறு பின்னால் வெட்டி இழுத்தது. புராமோ விழுந்துவிட்டார். ஸாக்கியா அலறினாள். அன்லாவே கோலைச் சேற்றில் குத்தி, வயிற்றை அதன்மேல் சாய்த்து நின்றான். தண்ணீர் தாடையில் ஏறியது. உப்பு வாய்க்குள் போனது. தலைக்கு மேல் தூக்கிய கை மட்டும் அவனுடைய உடம்பைச் சேர்ந்தது இல்லை என்பது போல் அசையாமல் நின்றது.

"ஸாக்கியா, இழு! அவரை இழு!"

அவள் கயிற்றைக் கைக்கு மேல் கையாகச் சுற்றி இழுத்தாள். புராமோவின் தலை இருமிக்கொண்டு மேலே வந்தது. அவர் அவளுடைய தோளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மூன்று பேரும் ஒரே உடம்பு போல் தள்ளாடி மறுகரையில் போய் விழுந்தார்கள். முசிரோ கரைந்து ஸாக்கியாவின் கன்னத்தில் வெள்ளைக் கோடுகளாக வழிந்தது. அவள் முதலில் செய்தது பிள்ளையின் மூக்கருகே காதை வைத்ததுதான். ஸிஃபா தும்மினாள். பிறகு அழுதாள். அத்தனை சந்தோஷமான சத்தத்தை அன்லாவே அதுவரைக்கும் கேட்டதில்லை.

நடுமேட்டில் இருந்த பெரிய அலையாத்தியில் ஏறினார்கள். தண்டில் சிப்பிகள் ஒட்டியிருந்த உயரத்தை அவன் தடவிப் பார்த்து, அதற்கு மேலே இரண்டு முழம் தள்ளி ஒரு கவட்டைக் காட்டினான். ஸாக்கியாவையும் பிள்ளையையும் அங்கே கயிற்றால் கட்டினான். தான் அவர்களுக்குக் கீழே கால் ஊன்றி நின்றான். புராமோவால் அவ்வளவு மேலே ஏற முடியவில்லை. தாழ்ந்த கிளையில் உட்கார்ந்தார். தண்ணீர் வந்தது. மேட்டை மூடியது, வேர்களை மூடியது, புராமோவின் இடுப்பு வரை ஏறியது. வடக்கு நீரும் தெற்கு நீரும் அவர்களுக்குக் கீழே முட்டிச் சுழன்றன. ஒவ்வொரு சுழலுக்கும் மரம் லேசாக அசைந்தது. ஒவ்வொரு அசைவுக்கும் அன்லாவே கண்ணை மூடினான்.

பிறகு புராமோ மெதுவாகச் சொன்னார். "மாப்ளே. இங்க பேசினது இந்த மரத்தோட போகட்டும்."

அன்லாவே கயிற்றின் முடிச்சை இழுத்துப் பார்த்தான்.

"ஊருக்கு இது தெரிஞ்சா எல்லாரும் ஒரு நோன்பு திரும்பப் பிடிக்கணும். உன்னை உயிரோட விடுவானுங்களா? யோசிச்சுப் பாரு. என்ன ஆயிடுச்சு இப்ப? எல்லாரும் நல்லாத்தானே இருக்கோம்?"

"இன்னும் மூணு நாளைக்கு மெசாங்கோல ஆளுங்க அந்தக் கணக்குலதான் கழியில இறங்குவாங்க, மாமா" என்றாள் ஸாக்கியா மேலிருந்து. "எங்களுக்காவது ஒரு கயிறு இருந்துச்சு."

புராமோ கிளையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பிற்பகல் அஸர் தொழுகை நேரத்துக்கு ஒரு மரக்குடைவுப் படகு மரங்களுக்கு நடுவே நுழைந்து வந்தது. கணவாய்ப் பெண்கள் ஊரில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். படகுக்காரர் கேலிக்காரர். மரத்தைச் சுற்றி வந்து, "இந்த மரத்துல என்ன பழம் இவ்வளவு பெருசா காய்ச்சிருக்கு!" என்றார். யாரும் சிரிக்காததைப் பார்த்துத் தானும் பேசாமல் கை நீட்டினார்.

கிலேவாவில் ஸாக்கியாவின் அம்மா பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள், சிரித்தாள், திரும்ப அழுதாள். மறுநாள் காலை அன்லாவே கிளம்பும்போது ஸாக்கியா வாசல் வரை வந்தாள்.

"நான் இங்கயே இருக்கேன்" என்றாள். "கோபம் இல்ல. பயம். நேத்து நீங்க மேட்டுலயே தெரிஞ்சுகிட்டீங்க. உங்க முகத்தைப் பார்த்தேன். அப்பவும் சொல்லல."

"ஆமா."

"ஊர்ல சொல்லிட்டு வாங்க. அப்புறம் கூட்டிட்டுப் போங்க."

ஷேகு நசுரோ பள்ளிவாசல் கிணற்றில் கால் கழுவிக்கொண்டிருந்தார். அன்லாவே சொல்லி முடிக்கும் வரைக்கும் அவர் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவில்லை. இரண்டு கால்களும் சுத்தமான பிறகும் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"புராமோ?" என்றார் கடைசியில்.

"என் கண்ணைப் பத்தி மட்டும்தான் நான் சொல்ல முடியும், ஷேகு."

"அப்போ நீயே சொல்லு. எல்லாருக்கும் முன்னாடி, வெள்ளிக்கிழமை. அதுக்கு முன்னாடி எவனும் கழியில இறங்காம நான் பார்த்துக்கறேன்."

வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு அவன் எழுந்து நின்றான். முதல் வரிசையில் புராமோவின் முதுகு தெரிந்தது. தண்ணீரில் இருந்தபோதாவது கையில் ஒரு கோல் இருந்தது.

"நான் பார்க்கல" என்றான்.

"எதைடா?" என்றார் யாரோ பின்னாலிருந்து.

"பிறையை."

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. சத்தம் பள்ளிவாசலின் கூரையைத் தூக்கியது. எவனோ அவனுடைய சட்டையைப் பிடித்தான். எவரோ தன் ஆட்டைத் திருப்பிக் கொடு என்றார். "உன் பேச்சைக் கேட்டு என் பிள்ளைங்களை நோன்பு விடச் சொன்னேனே" என்று ஒருவர் உண்மையிலேயே அழுதார். இந்தக் கூச்சலுக்கு நடுவில் புராமோ எழுந்தார். கூட்டம் அமைதியானது. அவர் திரும்பி அன்லாவேயைப் பார்க்கவில்லை. "மேகமா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மெசாங்கோ முழுக்க ஒரு நோன்பு பிடித்தது. அந்த மாதத்திலேயே வெயில் அதிகமான நாள் அதுதான். அன்லாவே வீட்டை விட்டு வெளியே வரவில்லை. கூரைமேல் இரண்டு தடவை கல் விழுந்தது. பிள்ளைகள் வாசலில் வந்து நின்று, "அன்லாவே, பிறை தெரியுதா?" என்று கத்திவிட்டு ஓடினார்கள். பயந்தாங்கொள்ளி என்ற பெயர் போய்ப் பொய்யன் என்ற பெயர் வந்திருந்தது. பழைய பெயரே எவ்வளவோ மேல் என்று அவனுக்குப் பட்டது.

அதற்குப் பிறகு பௌர்ணமி வரைக்கும் பெரிய கழி வற்றவில்லை. பதினைந்தாம் நாள் காலையில் தனியாக, முழுப்பானை நேரம் முன்னதாகவே இறங்கினான். சின்னக் கழியில் தண்ணீர் கணுக்காலுக்கு மேலே இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அது கணுக்காலுக்கு இறங்கும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் தாண்டினான். ஸாக்கியா மறுகரையில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பெரிய கழிக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவள். தண்ணீர் தொடைக்கும் கீழே.

"இன்னிக்கு எத்தனாம் பிறை?" என்று கேட்டாள்.

"பதினஞ்சு."

"மெசாங்கோலயா?"

"மெசாங்கோலயும்."

அவள் இன்னும் இறங்கவில்லை. "உங்களுக்குப் பயமா இருக்கா?"

"ரொம்ப" என்றான் அன்லாவே. "சீக்கிரம் வா."

அவள் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு தண்ணீருக்குள் கால் வைத்தாள்.